அலகு எது? நிரற்சோதனைச் சட்டகங்களின் வரலாறு

மொழியியல் பயில வரும் மாணவர் தொடக்க வாரங்களிலேயே ஒரு சோதனையைக் கற்றுக்கொள்கின்றார். வலி, வளி, வழி என்னும் மூன்று சொற்களையும் அடுத்தடுத்து வைத்து, ஓர் ஒலியை மட்டும் மாற்றிப் பார்க்கின்றார். பொருள் வேறாகின்றது. எனவே லகரம், ளகரம், ழகரம் மூன்றும் தமிழில் தனித்தனி ஒலியன்கள் என்னும் முடிவுக்கு வருகின்றார். ஐரோப்பாவில் இம்முறையைச் செம்மைப்படுத்தியவர்கள் பிராகு வட்டத்து அறிஞர்கள். அவர்களுள் ஒருவரான துருபெட்ஸ்காயின் ஒலியனியல் நூல் 1939இல், அவர் மறைந்த மறு ஆண்டில், வெளிவந்தது. நம் இலக்கண மரபோ இதன் மறுதலைக்கும் பெயரிட்டு வைத்துள்ளது. நிலம் என்பது நிலன் என வரினும், அரசு என்பது அரைசு என வரினும் பொருள் மாறுவதில்லை. ஓர் எழுத்து நிற்க வேண்டிய இடத்தில் வேறோர் எழுத்து வந்து நின்றும் பொருள் குன்றாதிருப்பதைப் போலி என்றனர் இலக்கண நூலார். ஒன்றை எடுத்துவிட்டு மற்றொன்றை வைத்துப் பார்த்தே மொழியின் அலகுகளை நாம் அறிந்து வந்துள்ளோம்.

கணினி நிரலாளர்களும் 1990களில் தங்கள் வழியே இவ்விடத்திற்கு வந்து சேர்ந்தனர். வங்கி, காப்புறுதி, விமானப் பயணம், பள்ளிச் சேர்க்கை ஆகியவற்றை இன்று நடத்திவரும் பெருநிறுவன வலைச்செயலிகள் மிக நீண்ட நிரல்களால் ஆனவை. அவற்றில் ஒரு வரியை மாற்றும்போது வேறெங்கும் ஒன்றும் பழுதாகவில்லை என்று எவ்வாறு அறிவது? நிரலைச் சிறு அலகுகளாகப் பிரித்து, ஒவ்வோர் அலகையும் தனியே நிறுத்திச் சோதிப்பது ஒரு வழி. அவ்வழிக்கு உதவ எழுந்தவையே அலகுச் சோதனைச் சட்டகங்களும் அவற்றைச் சூழ்ந்து வளர்ந்த துணைக்கருவிகளும். அவற்றின் வரலாற்றை மொழியியல் கண்கொண்டு பார்ப்பதே இவ்வுரையின் நோக்கம். நிரல் எழுதத் தெரியாத ஆசிரியர்களும் இதனைப் பின்தொடரலாம்.

முதலில் பழைய கொள்கை. 1969இல் ரோம் நகரில் நடைபெற்ற மென்பொருட் பொறியியல் மாநாட்டில் டச்சு அறிஞர் எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா ஒரு கருத்தை முன்வைத்தார். சோதனையால் பிழை உண்டு என்று காட்ட முடியுமே ஒழிய, இல்லை என்று காட்ட முடியாது என்பது அதன் சாரம். பத்தாண்டுகளுக்குப் பின், 1979இல், மென்பொருட் சோதனைக் கலை பற்றிக் கிளென்ஃபோர்டு மையர்ஸ் எழுதிய நூல் அத்துறையின் பாடநூல் போலாயிற்று. நிரலை எழுதியவரே அதனைச் சோதிப்பதைத் தவிர்க்க வேண்டும் என்பது அவர் வகுத்த நெறிகளுள் ஒன்று. தாம் கட்டியதைத் தாமே இடித்துப் பார்க்க எவருக்கும் எளிதில் மனம் வராது. அதற்கும் மேலாக, சிக்கலைத் தவறாக விளங்கிக்கொண்டு நிரலை எழுதியவர், அதே தவறான விளக்கத்தோடுதான் சோதனையையும் எழுதுவார். இந்த இரண்டாவது காரணம் வலுவானது. பின்னர் அதனிடம் நாம் திரும்ப நேரும். கட்டுரை எழுதிய மாணவரிடமே அதற்கு மதிப்பெண் இடும் பணியையும் ஒப்படைக்க ஆசிரியர் எவரும் உடன்படார் அல்லவா? பெரிய நிறுவனங்கள் சோதனைக்கெனத் தனிப் பிரிவுகளை வைத்திருந்தன. எழுதி முடித்த நிரல் அங்கே போய், நாள்கள் பல கழித்துப் பிழைப்பட்டியலுடன் திரும்பி வரும்.

இந்நெறியைத் தலைகீழாகத் திருப்பியவர் கென்ட் பெக். ஸ்மால்டாக் என்னும் நிரல்மொழியில் பணியாற்றிவந்த அவர், 1994 அக்டோபரில் அம்மொழிக்குரிய இதழொன்றில் சிறு கட்டுரை ஒன்றை வெளியிட்டார். சோதனையை நிரலாளரே எழுதலாம். நிரலை எழுதும் அதே மொழியில் எழுதலாம். திரையைப் பார்த்து மனிதர் தலையசைக்க வேண்டியதில்லை, விடை சரியா என்பதை நிரலே சரிபார்த்துக்கொள்ளும் என்றார். அக்கட்டுரை விளக்கிய சட்டகமே பின்னர் எஸ்யூனிட் எனப் பெயர்பெற்றது. 1996இல் கிறைஸ்லர் மகிழுந்து நிறுவனத்தின் சம்பளக் கணக்கு மென்பொருள் திட்டத்திற்கு அவர் பொறுப்பேற்றார். 'எக்ஸ்ட்ரீம் புரோகிராமிங்' எனப்படும் நடைமுறை அங்கேதான் உருப்பெற்றது. அத்திட்டம் 2000இல் நிறுத்தப்பட்டது. அங்கே பழகிய நடைமுறை மட்டும் உலகெங்கும் பரவியது.

ஜேயூனிட் பிறந்த கதையை நிரலாளர்கள் இன்றும் விருப்பத்தோடு சொல்வர். எரிக் காமா ஸ்விட்சர்லாந்துக்காரர். நிரல் வடிவமைப்புப் பாங்குகள் குறித்து 1994இல் வெளிவந்த புகழ்பெற்ற நூலின் ஆசிரியர் நால்வருள் ஒருவர். 1997இல் அட்லாண்டா நகரில் நடந்த ஊப்ஸ்லா மாநாட்டுக்குச் சூரிச்சிலிருந்து புறப்பட்ட விமானத்தில் அவரும் பெக்கும் ஒன்றாகப் பயணம் செய்தனர். அப்பயண நேரத்தில் இருவரும் சேர்ந்து, ஸ்மால்டாக்கில் இருந்த சட்டகத்தை அப்போது புதிதாக இருந்த ஜாவா மொழிக்குக் கொண்டுவந்தனர். மறு ஆண்டு அவர்கள் வெளியிட்ட அறிமுகக் கட்டுரையில் எடுத்துக்காட்டாக அமைந்தது பணக்கூட்டல். 12 ஸ்விஸ் ஃபிராங்கையும் 14 ஸ்விஸ் ஃபிராங்கையும் கூட்டினால் 26 ஸ்விஸ் ஃபிராங்க் வர வேண்டும். சிறுபிள்ளைக் கணக்கு போலத் தோன்றும். ஆனால் ஃபிராங்கோடு டாலரைக் கூட்டச் சொன்னதும், 'கூட்டுத்தொகை' என்பதன் பொருள் என்ன என்று நிரலாளர் முடிவு செய்தாக வேண்டியதாகின்றது. நிரலை எழுதுவதற்கு முன்னரே சோதனையை எழுதச் சொன்னதன் பயன் இதுவே. விடை இன்னதென்று கூற வேண்டுமாயின், வினாவை முதலில் விளங்கிக்கொள்ள வேண்டும்.

இச்சட்டகத்திற்கென ஓர் இலக்கணம் உண்டு. தொடக்கப் பதிப்புகளில், சோதனையாக இயங்க வேண்டிய செயற்கூற்றின் பெயர் 'டெஸ்ட்' என்னும் முன்னொட்டைப் பெற்றிருக்க வேண்டும். ஒரு நிரல் தன்னைத்தானே ஆராயும் வசதி ஜாவாவில் உள்ளது. அவ்வசதியைக் கொண்டு சட்டகம் வகுப்பினுள் நுழைந்து, முன்னொட்டுள்ள பெயர்களைப் பொறுக்கி, ஒவ்வொன்றையும் புதிய சூழலில் இயக்கும். முன் நடந்த சோதனையின் எச்சம் அடுத்ததைத் தீண்டலாகாது என்பதற்காகவே இந்த ஏற்பாடு. முன்னொட்டில் ஓர் எழுத்து பிசகினால் அச்சோதனை மட்டும் இயங்காது. இயங்கவில்லை என்னும் அறிவிப்பும் வராது. மற்றவை வென்றுவிட்டால் திரையில் பச்சைப் பட்டை தெரியும்; ஒன்று தோற்றாலும் சிவப்பு. உருபு சிதைந்தால் சொல்லே மறைந்துபோகும் இவ்வகை இலக்கணம் நெடுநாள் நிலைக்காது. 2002இல் டாட்நெட் தளத்திற்கான என்யூனிட் முன்னொட்டைக் கைவிட்டு, செயற்கூற்றின் மேல் தனிக்குறி ஒன்றை இடும் முறையை மேற்கொண்டது. 2004இல் ஜாவாவிலும் அத்தகைய குறிகளுக்கு இடம் உண்டாயிற்று. 2006இல் வெளிவந்த நான்காம் ஜேயூனிட் அதனையே பின்பற்றியது.

இங்கே ஒரு வேறுபாட்டையும் குறிப்பிட வேண்டும். ஜேயூனிட் தோல்வியையும் முறிவையும் தனித்தனியே எண்ணியது. எதிர்பார்த்த விடையும் வந்த விடையும் ஒவ்வாவிடில் தோல்வி. விடை வருமுன்னரே நிரல் எதிர்பாராத வகையில் உடைந்துவிட்டால் முறிவு. பொய்யான வாக்கியம் வேறு, வாக்கியமே ஆகாத சொற்கோவை வேறு என்று நாம் வகுப்பறையில் பிரித்துக் காட்டுவதை ஒத்தது இது.

உறுதியுரையின் சொல்வரிசையும் ஆராயத் தக்கது. எதிர்பார்க்கும் விடையை முதலிலும் வந்த விடையை அடுத்தும் தருவது ஜேயூனிட்டின் வழக்கம். 2004இல் தோன்றிய டெஸ்ட்என்ஜி இவ்வரிசையை மாற்றி வைத்தது. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாறியவர்கள் பிழையறிக்கையைத் தலைகீழாகப் படித்துத் திகைப்பது இன்றளவும் உண்டு. இக்குழப்பத்தைத் தீர்க்க வேற்றுமை உருபு இல்லாத மொழியில் சொல்வரிசையே உருபின் பணியையும் செய்கின்றது! பின்னர் ஹாம்கிரெஸ்ட் என்னும் துணைக்கருவி வந்தது. பொருத்துவோர் எனப் பொருள்படும் 'மேட்சர்ஸ்' என்னும் ஆங்கிலச் சொல்லின் எழுத்துகளை மாற்றியடுக்கி ஆக்கிய பெயர் அது. அதனைக் கொண்டு எழுதிய உறுதியுரை ஏறத்தாழ ஓர் ஆங்கில வாக்கியமாகவே ஒலிக்கும். வினையை இறுதியில் வைக்கும் நம்மவர்க்கு அது இயல்பாகத் தோன்றாவிடினும், எது எதிர்பார்ப்பு, எது விளைவு என்னும் ஐயம் அதனால் பெரும்பாலும் நீங்கியது.

ஜேயூனிட்டின் வழித்தோன்றல்கள் விரைவாகப் பெருகின. பைத்தான் மொழி 2001இல் இவ்வகைச் சட்டகத்தைத் தன் அடிப்படை நூலகத்திலேயே சேர்த்துக்கொண்டது. பிஎச்பி, ரூபி முதலியவற்றிலும் இவ்வாறே நிகழ்ந்தது. எல்லாவற்றையும் இங்கே அடுக்க வேண்டியதில்லை.

பெருநிறுவன வலைச்செயலியிடம் வந்தபோதுதான் இம்முறைக்குச் சோதனை ஏற்பட்டது. பெருநிறுவனப் பயன்பாட்டுக்கெனத் தொகுக்கப்பட்ட ஜாவாப் பதிப்பு 1999 டிசம்பரில் வெளிவந்தது. அதன்படி எழுதிய நிரல் தனித்து இயங்காது; கொள்கலன் எனப்படும் வழங்கி மென்பொருளின் உள்ளேதான் இயங்கும். பயனரின் உலாவியிலிருந்து வரும் வேண்டுகோளை ஏற்று நிரலிடம் தருவதும், தரவுத்தளத்தோடு இணைப்பதும், யார் நுழைந்துள்ளார் என்று நினைவில் வைப்பதும் கொள்கலனின் பணி. வட்டி கணக்கிடும் பத்து வரி நிரலைச் சோதிக்க விரும்பியவர், முதலில் வழங்கியைத் தொடங்கி, நிரலைக் கட்டி உள்ளே ஏற்றி, தரவுத்தளத்தையும் இயக்கிவிட்டுக் காத்திருக்க வேண்டியிருந்தது. நிமிடங்கள் கழியும். ஒரு நாளில் நூறுமுறை இயக்கும் பழக்கத்தையே உயிராகக் கொண்ட ஒரு முறைக்கு இத்தாமதம் நஞ்சு. மேலும், இங்கே அலகு எது? சார்ந்தே இயங்கும் ஒன்றை அலகு எனலாமா? ஆய்த எழுத்தையும் குற்றியலுகரத்தையும் முன்வைத்து நம் முன்னோர் கேட்ட கேள்வி இதற்குத் தொலைவானதன்று.

விடைகள் மூன்று திசைகளில் எழுந்தன. அபாச்சியின் ஜகார்த்தாத் திட்டத்தில் உருவான காக்டஸ், சார்பை ஏற்றுக்கொண்டு சோதனையையே கொள்கலனுக்குள் கொண்டுபோய் வைத்தது. எச்டிடிபியூனிட் வெளியே நின்றது. அது தன்னை ஓர் உலாவியாகப் பாவித்து வேண்டுகோள் அனுப்பி, வந்த பக்கத்தின் படிவங்களையும் இணைப்புகளையும் படித்துப் பார்த்தது. இரண்டும் பயன்பட்டன. ஆயினும் காக்டஸ் மெதுவானது. 2011இல் அத்திட்டம் ஓய்வு பெற்றது.

மூன்றாம் வழி இலண்டனிலிருந்து வந்தது. டிம் மக்கின்னன், ஸ்டீவ் ஃப்ரீமன், ஃபிலிப் கிரெய்க் ஆகிய மூவரும் 2000இல் இத்தாலியின் சார்டீனியாத் தீவில் நடந்த மாநாட்டில் ஒரு கட்டுரை படித்தனர். சோதிக்க விரும்பும் அலகு எதனைச் சார்ந்துள்ளதோ, அதன் இடத்தில் அதனைப் போன்றே பேசும் வேறொன்றை வைத்துவிடுக. மெய்யான தரவுத்தளம் வேண்டா, கொள்கலன் வேண்டா என்பது அதன் கருத்து. வைக்கப்பட்ட பொருள் தன்னிடம் யார், எதை, எத்தனை முறை கேட்டனர் என்பதையும் குறித்துக்கொண்டு, எதிர்பார்த்தபடி கேட்கவில்லையாயின் சோதனையைத் தோற்கச் செய்யும். ஆங்கிலத்தில் 'மாக்' எனப்படும் இதற்குத் தமிழில் போலி என்னும் சொல்லையே நாம் பரிந்துரைப்போம். இன்றைய பேச்சில் ஏமாற்று என்னும் நிழல் அச்சொல்லின் மேல் படிந்துள்ளது உண்மை. இலக்கணத்தில் அந்நிழல் இல்லை. இடத்தை நிரப்பியும் பொருளைக் கெடுக்காதது என்பதே அங்கே பொருள். ஈசிமாக், ஜேமாக், மாக்கிட்டோ எனப் போலிகளைத் தாமே ஆக்கித் தரும் துணைக்கருவிகள் அடுத்தடுத்து வந்தன. ஜெரார்டு மெசாரோஸ் 2007இல் வெளியிட்ட பெருநூல் இவ்வகைப் பொருள்களை ஐந்தாகப் பகுத்துப் பெயரிட்டது. திரைப்படத்தில் நடிகருக்காக உயரத்திலிருந்து குதிப்பவரை நினைத்து, அவ்வனைத்துக்கும் 'டபுள்' என்று பொதுப்பெயர் சூட்டினார் அவர்.

போலியை எளிதில் வைக்க வேண்டுமானால் நிரல் அதற்கு இடம் தர வேண்டும். தனக்கு வேண்டியதைத் தானே தேடிச் சென்று எடுக்கும் நிரலில் போலியை நுழைக்க இயலாது. வேண்டியதை வெளியிலிருந்து கையில் கொடுத்தால் வாங்கிக்கொள்ளும் நிரலில் இயலும். ராட் ஜான்சன் என்னும் ஆஸ்திரேலியர் 2002இல் வெளியிட்ட நூல் அன்றைய கனத்த கொள்கலன் முறையைக் கடுமையாகத் திறனாய்ந்தது. அந்நூலின் நிரலிலிருந்து வளர்ந்த ஸ்பிரிங் சட்டகம் 2004 மார்ச்சில் முதற்பதிப்புக் கண்டது. அது வேண்டுகோள், மறுமொழி, அமர்வு ஆகியவற்றுக்கு ஆயத்தப் போலிகளைத் தன்னோடு கொண்டுவந்தது. மெய்யான தரவுத்தளத்தைத் தொட்டாக வேண்டிய சோதனைகளுக்கும் வழி செய்தது. சோதனை முடிந்ததும் எழுதியதனைத்தையும் திரும்பப் பெற்றுக்கொள்ளும். தரவுத்தளம் முன்னிருந்தபடியே இருக்கும். 2012இல் வந்த பதிப்பில், வழங்கியைத் தொடங்காமலேயே ஒரு வேண்டுகோள் வலைச்செயலியின் வாயிலிலிருந்து விடை வரை செல்லும் பாதையைச் சோதிக்கும் வசதியும் சேர்ந்தது. சோதனைக்கு உதவ வந்த கருவிகள் பெருநிறுவன நிரலின் உடலமைப்பையே மாற்றிவிட்டன என்று கூறுவது மிகையாகாது.

எல்லோரும் இதனை வரவேற்றனர் என்று கருதலாகாது. ரூபி ஆன் ரெயில்ஸ் சட்டகத்தை உருவாக்கிய டேவிட் ஹைனமையர் ஹான்சன், 2014 ஏப்ரலில் இம்மரபின் மீது போர் தொடுத்தார். அலகைத் தனியாக்குவதற்காகவே தேவையற்ற இடைப்படிகளைப் புகுத்தி நிரலைச் சிதைக்கின்றனர் என்பது அவர் குற்றச்சாட்டு. அவரும், கென்ட் பெக்கும், மார்ட்டின் ஃபௌலரும் அவ்வாண்டு மே, ஜூன் மாதங்களில் காணொளி வழியே தொடர்ந்து உரையாடினர். மூவருக்கும் முழு உடன்பாடு ஏற்படவில்லை.

நம் பார்வையில் ஹான்சனின் குறையை விட ஆழமானது வேறொன்று. மையர்ஸ் 1979இல் கூறியதே அது. இலக்கணப் போலியை வழக்குத்தான் தந்தது. நூலார் அதைக் கண்டு பெயரிட்டனர். நிரலாளரின் போலியையோ அவரே ஆக்குகின்றார். தரவுத்தளம் இவ்வாறுதான் விடையளிக்கும் என்று அவர் நம்புவதையே போலியும் பேசும். நம்பிக்கை பிழையாயின் நிரலும் போலியும் உறுதியுரையும் ஒரே பிழையில் ஒன்றுபட்டுப் பச்சைப் பட்டையைக் காட்டும்.

தமிழ் எழுத்தே இதற்குத் தக்க சான்று. ஒரு படிவத்தில் பெயருக்குப் பத்தெழுத்து வரம்பு உள்ளது என்று கொள்வோம். நிரலாளர் 'ராபர்ட்' என்பதை ஆங்கில எழுத்தில் இட்டுச் சோதனை எழுதுகின்றார், வெல்கின்றது. தமிழ்ச்செல்வி என்னும் மாணவி தம் பெயரைத் தமிழில் பதிகின்றார். இலக்கணப்படி அது ஏழெழுத்து. யூனிகோடு முறையில் உயிர்மெய்க் குறியும் புள்ளியும் தனித்தனிக் குறிகளாதலால் கணினிக்கு அது பதின்மூன்று. பத்தில் வெட்டினால் எஞ்சுவது 'தமிழ்ச்செல'. 'தமிழ்' என்னும் சொல் நமக்கு 3 எழுத்து. ஜாவாவின் நீள அளவையில் 5. யூடிஎஃப்-8 முறையில் சேமித்தால் 15 பைட்டு. மூன்றும் வெவ்வேறு அலகில் உண்மையான விடைகளே.

சமத்துவச் சோதனை இன்னும் நுட்பமானது. 'கோ' என்பதை ககரத்தோடு ஓகாரக்குறி ஒன்றைச் சேர்த்தும் குறிக்கலாம். ஏகாரக்குறியையும் கால்குறியையும் அடுத்தடுத்துச் சேர்த்தும் குறிக்கலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்று. யூனிகோடு விதிப்படியும் நிகரானவை. ஆயினும் நேரே ஒப்பிடும் உறுதியுரை இரண்டும் வேறு என்று கூறிச் சிவப்பைக் காட்டும். ஒப்பிடுமுன் இரண்டையும் ஒரே வடிவுக்கு இயல்பாக்க வேண்டும் என்பதை நிரலாளர் அறிந்திருக்க வேண்டும். அறியாதவர் எழுதிய பதிவேட்டில், கோமதி என்னும் ஒருவரே இருவராக நிற்பார். அல்லது தேடியும் கிடைக்காமல் போவார்.

ஓப்பன் தமிழ் போன்ற திறமூல நூலகங்களில் எழுத்தெண்ணும் செயற்கூறுகளும் அவற்றிற்குரிய அலகுச் சோதனைகளும் உள்ளன. மாணவர்கள் அவற்றைத் திறந்து படிக்கலாம். அங்கேயும் இலக்கணம் குறுக்கிடும். 'பக்ஷி' என்னும் சொல்லில் எழுத்து எத்தனை? க்ஷ என்பதை ஓரெழுத்தாகக் கொள்வோர் இரண்டு என்பர். மெய்யும் உயிர்மெய்யுமாகப் பிரிப்போர் மூன்று என்பர். உறுதியுரையில் எதிர்பார்க்கும் விடைக்குரிய இடம் ஒன்றுதான். அதில் ஓர் எண்ணை எவரேனும் எழுதியாக வேண்டும். தமிழாசிரியர்கள் எழுதாவிடில், அந்நூலகத்தை ஆக்கியவர் அன்று என்ன கருதினாரோ அதுவே விடையாக நின்றுவிடும்.